36 கார்களும் அவற்றின் சாட்சிகளும்

1960 முதல் 1963 வரை ஃபெராரி தொழிற்சாலையிலிருந்து 250 ஜிடிஇ என்றொரு கார் வந்துகொண்டிருந்தது. நான்கு பேர் உட்காரலாம். பெட்டி படுக்கையோடு வெளியூர் போகலாம். வசதியான குடும்பஸ்தர்களுக்கான வண்டி. 950க்கு மேல் விற்றுக் கம்பெனியின் கல்லாவை நிரப்பியது. ஆனால் அவற்றில் கணிசமானவை இன்று இல்லை. விபத்திலும் துருவிலும் போனவை போக, நிறைய வண்டிகளை அவற்றின் உரிமையாளர்களே பட்டறையில் விட்டு அறுத்திருக்கிறார்கள். சேஸிஸில் 20 சென்டிமீட்டரை வெட்டிக் குட்டையாக்கி, மேலிருந்த உடலைக் கழற்றி எறிந்து, அலுமினியத் தகட்டில் புது உடல் அடித்துப் பொருத்தி, சிவப்பு பெயின்ட் பூசி வெளியே தள்ளியபோது அது வேறொரு காராகியிருந்தது. பார்ப்பதற்கு அச்சு அசல் 250 ஜிடிஓ.

அந்தப் போலியில் எதுவுமே போலியில்லை என்பதுதான் வேடிக்கை. பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின் ஃபெராரி வார்த்தது. கியர்பாக்ஸ் ஃபெராரி. சேஸிஸ் குழாய்களின் இரும்பு அதே 1960களின் இரும்பு. சில வண்டிகளுக்கு உடல் அடித்துக் கொடுத்தவர்கள்கூட அசல் கார்கள் பிறந்த மோடெனா நகரத்து டிங்கர்கள்தான். ஓட்டிப் பார்த்தால் சத்தமும் வேகமும் ஏறத்தாழ அப்படியே இருக்கும். இருந்தும், ஒன்றின் விலையில் மற்றொன்றைப் போல ஐம்பது வாங்கலாம். இந்த வித்தியாசம் இரும்பிலும் இல்லை, அலுமினியத்திலும் இல்லை என்றால் வேறெங்கே இருக்கிறது?

250 ஜிடிஓ 1962 முதல் 1964 வரை மொத்தம் 36 மட்டுமே உருவானது. 4 லிட்டர் இன்ஜினோடு வந்த மூன்றையும் சேர்த்து 39 என்று கணக்குச் சொல்வோரும் உண்டு. ஜிடி பிரிவில் பந்தயம் ஓட ஒரு மாடலில் 100 கார்களாவது செய்திருக்க வேண்டும் என்பது அன்றைய சர்வதேச விதி. 100 கார் செய்யும் உத்தேசமே ஃபெராரிக்கு இல்லை. இது புதிய மாடல் அல்ல, ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற 250 ஜிடியின் உடலை மட்டும் மாற்றியிருக்கிறோம் என்று வாதாடி ஒப்புதலை வாங்கிவிட்டார்கள். பிறகு 250 எல்எம் என்ற காருக்கும் இதே வாதத்தை வைத்தபோது அதிகாரிகள் மசியவில்லை. ஆக, உலகின் மிக விலையுயர்ந்த கார்களில் ஒன்று, தன் அடையாளம் பற்றிய ஒரு சின்னப் புளுகோடுதான் பிறந்தது.

கார் என்னவோ முழுக்க முழுக்கப் பந்தயத்துக்கே. 2,953 சிசி இன்ஜின், ஆறு வெபர் கார்புரேட்டர்கள், சுமார் 300 குதிரைத்திறன். டேஷ்போர்டில் வேகமானி கிடையாது. இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் ஓட்டுபவருக்கு முக்கியம். ஜியோட்டோ பிட்ஸாரினி தொடங்கிய வடிவமைப்பு. 1961இன் கடைசியில் அவரும் மற்ற முக்கியப் பொறியாளர்களும் என்ஸோ ஃபெராரியோடு முட்டிக்கொண்டு ஒட்டுமொத்தமாக வெளியேற, இருபத்தாறே வயதான மவுரோ ஃபோர்கியேரி கையில் வந்து சேர்ந்தது. 1962 மார்ச்சில் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் முதல்முறையாக இறங்கி, மொத்த வரிசையில் இரண்டாவதாக வந்தது. 1962, 1963, 1964 மூன்று ஆண்டுகளும் உலக ஜிடி பட்டம் ஃபெராரிக்கே.

அதன் பிறகு இதற்கு வந்த கதியைக் கேட்டால் இன்றைய ஏலக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். புதிதாக ஏறத்தாழ 18,000 டாலருக்கு விற்ற கார், அடுத்த தலைமுறைப் பந்தயக் கார்கள் வந்ததும் பழைய வண்டியாகிவிட்டது. ஒரு ஜிடிஓ டெக்சாஸில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நன்கொடையாகப் போய், மாணவர்கள் மெக்கானிக் வேலை பழகும் வண்டியாக இருந்தது. 1972இல் பள்ளி அதை 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவர் ஒஹையோ மாநிலத்தில் ஒரு வயலில் டிரெய்லர் மேல் நிறுத்திவைத்தார். பதினைந்து ஆண்டுகள் போல வெயிலிலும் பனியிலும் அங்கேயே கிடந்தது. பிங்க் ஃப்ளாய்ட் இசைக்குழுவின் டிரம்மர் நிக் மேசன் 1977இல் தன் ஜிடிஓவை வாங்கியபோது கொடுத்தது சுமார் 37,000 பவுண்டு. 2014இல் ஒரு ஜிடிஓ 3.8 கோடி டாலருக்கு ஏலம் போனது. 2018இல் இன்னொன்று 4.84 கோடி டாலர். 2023 நவம்பரில் நியூயார்க்கில் 3765 என்ற சேஸிஸ் எண் கொண்ட கார் 5.17 கோடி டாலர், அதாவது நம் பணத்தில் 430 கோடி ரூபாய்க்குப் பக்கம். விலை இப்படி ஏற ஏற, போலி செய்வதற்கான ஆசையும் ஏறுகிறது. கூடவே, போலியைப் பிடிக்கும் விஞ்ஞானமும் வளர்ந்திருக்கிறது.

சோதனை நம்பரில்தான் தொடங்கும். நம்மூரில் பழைய வண்டி வாங்குபவர் ஆர்.சி. புத்தகத்தையும் சேஸிஸில் அடித்திருக்கும் எண்ணையும் ஒத்துப் பார்ப்பாரே, அடிப்படை அதேதான். ஃபெராரியில் இது இன்னும் நுணுக்கமானது. சேஸிஸ் குழாயில் ஓர் எண், இன்ஜினில் ஓர் எண், அதுபோக ஒவ்வொரு இன்ஜினுக்கும் தொழிற்சாலையின் உள்கணக்குக்கென்று தனியாக ஓர் எண், கியர்பாக்ஸிலும் பின்அச்சிலும் அவற்றுக்குரிய எண்கள். எந்தக் காரில் எந்த எண்கள் போயின என்பதைத் தொழிற்சாலை ஏட்டில் கையால் எழுதிவைத்திருக்கிறார்கள். எண்கள் எல்லாம் ஏட்டோடு பொருந்தினால் அந்தக் காருக்கு மவுசே தனி.

எண்ணை அரத்தால் தேய்த்து அழித்துவிட்டு வேறு எண் அடித்தால்? இங்கேதான் உலோகம் தன் ஞாபகத்தைக் காட்டும். இரும்பு என்பது கோடிக்கணக்கான நுண்ணிய படிகங்களின் நெருக்கமான அடுக்கு. எண் பொறித்த பஞ்ச்சைக் குளிர்ந்த இரும்பின் மேல் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடிக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் பள்ளம் மட்டும் விழுவதில்லை. பள்ளத்துக்குக் கீழே, அதன் ஆழத்தைவிடவும் கூடுதல் ஆழத்துக்குப் படிகங்கள் நசுங்கி உருக்குலைகின்றன. பள்ளம் மறையும்வரை அரம் போட்டாலும் அந்த நசுங்கிய அடுக்கு அடியில் மிஞ்சியிருக்கும். தேய்த்த இடத்தைக் கண்ணாடிபோல மெருகேற்றி, காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பஞ்சில் தொட்டுத் திரும்பத் திரும்பத் துடைப்பார்கள். நசுங்கிய படிகங்களுக்கு வேதியியல் ரீதியாக நிம்மதி கிடையாது. அக்கம்பக்கத்து இரும்பைவிட அவை வேகமாக அமிலத்தில் அரிபடும். சில நிமிடங்களில், சில சமயம் ஒரு மணி நேரத்தில், பழைய எண் மங்கலாக மேலே எழும்பி வரும். அது தெரியும்போதே படம் எடுத்துவிட வேண்டும். தொடர்ந்து துடைத்தால் அதுவும் கரைந்து போய்விடும். திருட்டுத் துப்பாக்கிகளின் எண்ணை மீட்கப் போலீஸ் தடயவியல் கூடங்கள் பல காலமாகச் செய்துவரும் வேலைதான் இது. கோடிக்கணக்கில் விலை பேசும் காரில் அமிலம் தேய்க்க உரிமையாளர் சம்மதிக்க மாட்டார் என்றால், நசுங்கிய பகுதியில் காந்தப்புலம் எப்படி மாறுகிறது என்று பார்த்து எண்ணைப் படிக்கும் கருவிகளும் வந்துவிட்டன.

கைதேர்ந்த போலிக்காரர் எண்ணை அழிப்பதில்லை. எண்ணுள்ள துண்டை அப்படியே அறுத்தெடுத்து, நொறுங்கிப்போன ஓர் அசல் காரிலிருந்து வந்த துண்டை அந்த இடத்தில் வைத்துப் பற்றவைத்துவிடுவார். மேலே தேய்த்து பெயின்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வெல்டிங்கின் சூடு பட்ட இரும்பில் படிக அமைப்பு மாறிவிடும். எக்ஸ்ரேயோ சுழல் மின்னோட்டச் சோதனையோ அந்த ஒட்டை ஒரு கோடாகக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்த சாட்சி பெயின்ட். ஒரு பழைய காரின் கதவு விளிம்பிலிருந்து குண்டூசித் தலையளவு பெயின்டை எடுத்து, பிசினில் பதித்து, குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் அதன் வாழ்க்கை அடுக்கடுக்காகத் தெரியும். அடியில் முதல் பூச்சு, அதன் மேல் தொழிற்சாலை நிறம், பந்தயத்தில் இடித்துக்கொண்ட பிறகு போட்ட பட்டி, அடுத்த உரிமையாளருக்குப் பிடித்த நீலம், மறுபடியும் சிவப்பு. 1960களின் தொடக்கத்தில் இத்தாலியப் பட்டறைகளில் புழங்கிய நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டுக்கும் பிற்காலத்து பாலியூரித்தேன் பெயின்ட்டுக்கும் வேதியியலில் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம். அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி எந்த அலைநீளங்கள் உறிஞ்சப்படுகின்றன என்று பார்த்தால் இரண்டும் பிரிந்துவிடும்.

சிவப்பு நிறமே ஒரு நாட்காட்டி. இன்று உலகம் முழுவதும் கார்களைப் பளபளக்கவைக்கும் டிபிபி என்ற சிவப்பு நிறமியை சீபா-கைகி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது 1980களில். அந்த நிறமிக்கே தொழில்துறையில் ‘ஃபெராரி சிவப்பு’ என்று பட்டப்பெயர். 1962இல் பூசியதாகச் சொல்லப்படும் அடி அடுக்கில் இந்த நிறமி தலைகாட்டினால், விற்பவர் வேறு ஏதாவது கதை யோசிக்க வேண்டியதுதான்.

தோல் இருக்கையிலும் பருத்தித் துணியிலும் வேறொரு கடிகாரம் ஓடுகிறது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானத்தில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்ததில் காற்றிலிருந்த கார்பன்-14 ஏறக்குறைய இரு மடங்கானது. 1963இல் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அந்த அளவு ஆண்டுதோறும் இறங்கத் தொடங்கியது. அந்தக் காற்றைக் குடித்து வளர்ந்த புல்லை மேய்ந்த மாட்டின் தோலிலும், அதே காற்றில் விளைந்த பருத்தியிலும் அந்தந்த ஆண்டின் அளவு பதிவாகியிருக்கும். ஓவியச் சந்தையில் பழைய படம் என்று விற்ற போலிகளை இந்தக் கணக்கு ஏற்கெனவே மாட்டிவிட்டிருக்கிறது. இருக்கைத் தோல் எந்தக் காலத்தது என்று கணிக்கவும் இதே வழி உதவும். பெட்ரோலியத்திலிருந்து வந்த செயற்கைப் பொருள்களில் மட்டும் இந்தப் பாச்சா பலிக்காது. கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்கடியில் கிடந்த எண்ணெயில் கார்பன்-14 மிச்சமே இருக்காது.

உடலை அடித்த கைகளும் தடயம் விட்டுப் போயிருக்கின்றன. மோடெனாவில் செர்ஜியோ ஸ்காலியெட்டியின் பட்டறையில் ஜிடிஓவின் அலுமினியத் தகடுகளைச் சுத்தியலாலும் கண்மதிப்பாலும் வளைத்தார்கள். அதனால் 36இல் எந்த இரண்டும் முழுக்க ஒன்றாக இல்லை. ஒரே காரின் இடது மட்கார்டும் வலது மட்கார்டும்கூட ஒத்துப்போகாது. முதலில் வந்த சில கார்களில் பின்புறக் காற்றுத் தடுப்பைத் தனியாகச் செய்து போல்ட் போட்டு மாட்டினார்கள். பின்னர் வந்தவற்றில் அது உடலோடு ஒன்றாகவே அடிக்கப்பட்டது. முன் மட்கார்டுக்குப் பின்னால் காற்று வெளியேறும் வெட்டுகள் சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் மூன்று. பந்தயங்களில் எடுத்த பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கி, ரிவெட் ரிவெட்டாக ஒப்பிட்டுப் பார்ப்பதையே முழுநேர வேலையாக வைத்திருக்கும் வரலாற்றாளர்கள் இருக்கிறார்கள். போலி பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான்: இடது வலது இரண்டும் அளந்து வைத்ததுபோல அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

இத்தனை சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. ஆய்வுக்கூடத்தால் ‘இது அதுவல்ல’ என்று அடித்துச் சொல்ல முடியும். ‘இதுதான் அது’ என்று சொல்ல முடியாது. ஜிடிஇ-யை வெட்டிச் செய்த காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரும்புக்கும் வயது சரி, இன்ஜின் வார்ப்பும் சரி, அந்தக் காலத்துத் தோல் எங்கிருந்தாவது கிடைத்திருந்தால் கார்பன் கணக்கும் சரி. அறிவியல் அதைப் பார்த்து, 1960களில் இத்தாலியில் செய்த பொருள்கள் என்று நேர்மையாகச் சான்று கொடுக்கும். அவ்வளவுதான் அதனால் முடியும்.

இதற்கு நேரெதிர்த் தொல்லையும் உண்டு: அசல் கார், ஆனால் அசல் பாகம் இல்லை. 1990இல் லண்டன் உயர்நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு இதுதான். ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று பெயர்பெற்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார் 1929, 1930 இரண்டு ஆண்டும் தொடர்ந்து லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. இரண்டு முறையும் ஓட்டியவர்களில் ஒருவர் உல்ஃப் பர்னாட்டோ. பிறகு அதில் 8 லிட்டர் இன்ஜின் ஏறியது. 1932இல் புரூக்லண்ட்ஸ் களத்தில் கிளைவ் டன்ஃபீ ஓட்டும்போது சரிவின் உச்சியைத் தாண்டிப் பாய்ந்து அவர் இறந்தார், கார் சிதைந்தது. பர்னாட்டோ அதை மூடுகூரைக் காராக மாற்றிக் கட்டினார். பல ஆண்டுகள் கழித்து மீண்டும் லெ மான் கோலத்துக்குத் திரும்பியது. இந்தக் காரை ஒரு கம்பெனி சுமார் ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டு, பின்னர் இது அந்தக் காரே அல்ல என்று பின்வாங்கியது. விற்றவர் வழக்குப் போட்டார்.

நீதிபதி ஓட்டன் காரின் ஒவ்வொரு பாகத்தின் பூர்வோத்தரத்தையும் விசாரித்தார். 1929இல் வென்ற காரின் பாகங்களில் மிகச் சிலவே மிச்சம் என்பது தெரிந்தது. ஆகவே இதை மாறாத மூலப்பொருள் என்று சொல்ல முடியாது என்றார். ஆனாலும் இதுவே உண்மையான ஓல்டு நம்பர் ஒன் என்று தீர்ப்பளித்தார். ஒவ்வொரு மாற்றமும் முந்தையதன் மேல் நடந்திருக்கிறது. சங்கிலி எங்கும் அறவில்லை. இந்தப் பெயருக்கு உரிமை கோர உலகில் வேறொரு பென்ட்லி இருந்ததும் இல்லை, இருக்கவும் இல்லை. கோயில் தேருக்குச் சக்கரம் மாற்றுகிறோம், அச்சு மாற்றுகிறோம், மரம் மாற்றுகிறோம். அது வேறு தேர் என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. கிட்டத்தட்ட அதே நியாயம். பந்தயக் கார் என்பது மாறிக்கொண்டே இருக்கப் பிறந்த பொருள் என்பதை அந்த நீதிபதி சரியாகவே புரிந்துகொண்டார்.

சந்தையும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2018இல் 4.84 கோடி டாலருக்குப் போன 3413 என்ற ஜிடிஓவின் மேலிருப்பது 1962இல் பிறந்தபோது இருந்த உடல் அல்ல; 1964இல் புதிய பாணியில் ஸ்காலியெட்டியே மாற்றிக் கொடுத்தது. 2023இல் விற்ற 3765 காரும் அப்படித்தான்: 4 லிட்டர் இன்ஜினோடு பிறந்து, நூர்பர்க்ரிங் பந்தயத்தில் இரண்டாவதாக வந்து, லெ மானிலும் ஓடிய பிறகு, தொழிற்சாலையே அதை 3 லிட்டர் இன்ஜினுக்கு மாற்றியது. அந்த மாற்றங்கள் குறையாகத் தெரியாததற்குக் காரணம், அவற்றைச் செய்தவர் யார், எப்போது, எதற்கு என்பதற்குக் காகிதம் இருக்கிறது. இதே வேலையை 1985இல் பெயர் தெரியாத பட்டறை செய்திருந்தால் ஒரு கோடி டாலராவது சறுக்கியிருக்கும்.

காகிதம் தடுமாறினால் என்ன ஆகும் என்பதற்கு 2007 ஒரு பாடம். ஹிட்லர் காலத்து ஆட்டோ யூனியன் டி-டைப் பந்தயக் கார் ஒன்றை கிறிஸ்டிஸ் நிறுவனம் பாரிசில் ஏலம் விட இருந்தது. கோடிக்கணக்கான டாலர் எதிர்பார்ப்பு. இது சொல்லப்படும் சேஸிஸ்தானா, சொல்லப்படும் பந்தயங்களில் ஓடியதா என்று கடைசி நேரத்தில் சந்தேகம் கிளம்ப, ஏலம் நின்றுபோனது. கார் அசல் ஆட்டோ யூனியன்தான். அதில் யாருக்கும் ஐயமில்லை. எந்த ஆட்டோ யூனியன் என்பதுதான் கேள்வி.

கார் இல்லாமல் நம்பர் மட்டும் இருக்கும் விவகாரம் இன்னும் சுவையானது. கோப்ரா கார்களைப் படைத்த கேரல் ஷெல்பி, 1965இல் மிச்சமான சேஸிஸ்கள் என்று சொல்லி 1990களின் தொடக்கத்தில் சில கோப்ராக்களை முடித்து விற்க முனைந்தார். அவை அண்மையில் புதிதாகச் செய்த சேஸிஸ்கள் என்பதை 1993இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. மானம் போனது ஷெல்பிக்கு. அதே போன்ற காரியத்தை இருபது ஆண்டுகள் கழித்து ஜாகுவார் தாரை தப்பட்டையோடு செய்தது. 1963இல் லைட்வெயிட் ஈ-டைப் என்ற பந்தயக் காருக்கு 18 எண்களை ஒதுக்கிவிட்டு 12 மட்டுமே செய்திருந்தார்கள். எஞ்சிய 6 எண்களுக்கும் 2014இலிருந்து காரைச் செய்து விற்றார்கள். 1957 பிப்ரவரியில் தொழிற்சாலைத் தீயில் 9 எக்ஸ்கேஎஸ்எஸ் கார்கள் எரிந்துபோயின. அவற்றுக்கு ஈடாக 9 புதிய கார்களும் வந்தன. ஒவ்வொன்றும் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல். வாங்கியவர் யாரும் ஏமாறவில்லை, ஏனென்றால் இது இந்த நூற்றாண்டின் கார் என்று கம்பெனியே சொல்லித்தான் விற்றது. தொழிற்சாலை, வரைபடம், எண் எல்லாமே சரியாக இருந்தும் இவற்றின் விலை அந்தக் காலத்து அசல் கார்களுக்கு எங்கோ கீழே நிற்கிறது. பந்தயத்தில் ஓடாத காருக்குப் பந்தயக் காரின் விலை கிடைக்காது.

அப்படியும் ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. உலகில் இதுவரை அதிக விலைக்கு ஏலம் போன கார் ஒரு பந்தயத்திலும் ஓடியதில்லை. மெர்சிடிஸ்-பென்ஸின் பொறியாளர் ருடால்ஃப் ஊலன்ஹவுட் 1955இல் 300 எஸ்எல்ஆர் பந்தயக் காருக்குக் கூரை வைத்து இரண்டே இரண்டு செய்தார். மணிக்கு 290 கிலோமீட்டர் போகும். அதே ஆண்டு லெ மானில் ஒரு மெர்சிடிஸ் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆண்டு முடிவில் கம்பெனி பந்தயங்களிலிருந்தே விலகியது. இரண்டு கார்களும் கம்பெனியின் கையிலேயே தங்கிவிட்டன. 2022 மே மாதம் ஒன்றை மட்டும் ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்தில் அழைக்கப்பட்ட சிலரின் முன்னிலையில் ஏலம் விட்டார்கள். 13.5 கோடி யூரோ. ஏறக்குறைய 1,100 கோடி ரூபாய். 67 ஆண்டுகளில் அந்தக் கார் ஒரு நாள்கூட வெளியார் பெயரில் இருந்ததில்லை. ஆதாரச் சங்கிலிக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. அமிலத்துக்கும் எக்ஸ்ரேக்கும் வேலையே இல்லை.

சங்கிலியைப் போலவே முக்கியம், கார் தன் மேல் சுமந்திருக்கும் சாட்சியத்தை யாரும் அழித்துவிடாமல் இருப்பது. 1970களிலும் 80களிலும் பழைய கார் கிடைத்தால் முதல் வேலை பெயின்டை உரித்து, தோலைக் கிழித்து, குரோமியம் பூசி, பிறந்தபோதும் இல்லாத பளபளப்பை ஏற்றுவதாக இருந்தது. அமெரிக்காவின் பெப்பிள் பீச் கண்காட்சியில் பரிசு வாங்க அதுதான் வழி. அப்படி உரித்த பெயின்டோடு அடுக்குகளும் போயின, கிழித்த தோலோடு கார்பனும் போனது. பிலடெல்ஃபியாவில் அருங்காட்சியகம் நடத்திய நரம்பியல் அறுவை மருத்துவர் ஃபிரெட் சிமியோன் இதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர். அவரிடமிருந்த, புதுப்பிக்கப்படாத ஷெல்பி டேடோனா கூப்பேதான் 2014இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் முதல் காராக ஏறியது. பழைய வண்டிகளின் உலகக் கூட்டமைப்பான ஃபிவாவும் 2012இல் டூரின் சாசனம் என்று ஒன்றை வகுத்து, நினைவுச் சின்னங்களுக்குள்ள பாதுகாப்பு முறைகளைக் கார்களுக்கும் பொருத்தியது.

அந்த மனமாற்றத்தின் விலை என்ன என்று 2015 பிப்ரவரியில் பாரிசில் தெரிந்தது. பிரான்ஸின் மேற்குப் பகுதியில் ஒரு பண்ணையில் பல பத்தாண்டுகள் மறந்து கிடந்த பைலான் குடும்பத்தின் சேகரிப்பை ஆர்ட்கூரியல் நிறுவனம் ஏலத்துக்குக் கொண்டுவந்தது. அதில் ஒரு ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர், ஒரு காலத்தில் நடிகர் அலென் தெலோனின் கார். கண்டுபிடித்தபோது அதன் மேல் பழைய பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் குவிந்திருந்தன. தூசியைக் கழுவக்கூட இல்லை. அப்படியே கொண்டுவந்து மேடையில் நிறுத்தினார்கள். மங்கிப்போன பெயின்ட், வெடித்த தோல், விரலால் கோடு போட்டால் பதியும் அளவுக்குப் புழுதி. 1.6 கோடி யூரோவைத் தாண்டிப் போனது. பணம் கொடுத்தவர் வாங்கியதில் பாதி அந்த அழுக்குதான் என்று சொன்னால் கேலியாகத் தோன்றும். ஆனால் அந்த அழுக்குக்கு அடியில் யாரும் கை வைக்காத பெயின்டும், யாரும் பிரிக்காத தையலும் இருந்தன. போலிக்காரரால் எல்லாவற்றையும் செய்துவிட முடியும், கேட்பாரற்றுக் கிடந்த நாற்பது ஆண்டுகளைத் தவிர.

அரிதாக இருந்தாலே போதும் என்று நினைப்பவர்களுக்கு 2019இன் போர்ஷே டைப் 64 ஏலத்தைச் சொல்ல வேண்டும். 1939-40இல் ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் வடிவமைப்பு அலுவலகம் செய்த மூன்று கார்களில் மிஞ்சியது. ஏலக்காரர் ஆங்கிலத்தில் ‘தர்ட்டீன் மில்லியன்’ (1.3 கோடி டாலர்) என்று தொடங்கியது கூட்டத்துக்கு ‘தர்ட்டி’ (3 கோடி) என்று கேட்க, திரையில் எண்கள் எகிறி 7 கோடி வரை போய், பிறகு 1.7 கோடி என்று திருத்தியபோது அரங்கமே கூச்சலிட்டது. கார் விற்கவில்லை. உச்சரிப்புக் குளறுபடியின் பின்னால் வேறொரு சிக்கலும் இருந்தது. போர்ஷே கம்பெனி தன் பெயரில் வந்த முதல் காராகக் கொண்டாடுவது 1948இன் 356ஐ. அதற்கு முந்தைய இந்தக் காரை போர்ஷே என்று அழைக்கலாமா என்பதிலேயே கருத்து ஒன்றுபடவில்லை.

இந்த மாதிரி வம்புகளை முன்கூட்டியே தீர்க்கத்தான் ஃபெராரி 2006இல் மரனெல்லோவில் கிளாசிக்கே என்ற பிரிவைத் தொடங்கியது. காரை ஆராய்ந்து, பழைய வரைபடங்களோடும் ஏடுகளோடும் ஒப்பிட்டு, பொருந்தினால் சிவப்பு அட்டை போட்ட சான்றுப் புத்தகம் தருகிறார்கள். தொலைந்துபோன இன்ஜினுக்குப் பதிலாகப் பழைய வரைபடப்படி புதிதாக வார்த்தும் கொடுப்பார்கள். சான்று தருபவரே உதிரிபாகமும் விற்கிறாரே என்று முணுமுணுக்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயம் இல்லாமலும் இல்லை. லம்போர்கினியும் போலோ ஸ்டோரிகோ என்று இதேபோல ஒன்றை வைத்திருக்கிறது. 1969இல் வெளியான ‘தி இட்டாலியன் ஜாப்’ படத்தின் தொடக்கக் காட்சியில் ஆல்ப்ஸ் மலைப் பாதையில் ஓடும் மியூரா எது என்று ரசிகர்கள் ஐம்பது ஆண்டுகள் அடித்துக்கொண்டார்கள். சேஸிஸ் எண் 3586தான் என்று 2019இல் அவர்கள் சான்று கொடுத்தார்கள்.

1962இன் காரைப் படிக்கும் முறைகள் இன்றைய காரிடம் செல்லுபடியாகுமா என்பது வேறு விஷயம். 2013இல் வந்த லாஃபெராரியில் சுத்தியல் தழும்பு கிடையாது. உடல் கார்பன் இழையால் ஆனது, அச்சிலிருந்து ஒன்றுபோல் வருவது. 499 வண்டிகள் செய்து, 2016இல் இத்தாலிய நிலநடுக்க நிவாரணத்துக்காக இன்னொன்றைச் செய்து 70 லட்சம் டாலருக்கு ஏலம் விட்டார்கள். அதில் இன்ஜினுக்குத் துணையாக மின்மோட்டார் உண்டு, அதற்கொரு மின்கலம். மின்கலம் வேதியியல் விதிப்படி கிழடு தட்டியே தீரும். கார் நின்றாலும் சரி, ஓடினாலும் சரி. அதை மாற்றாமல் வைத்தால் கார் நகராது, மாற்றினால் பிறந்தபோது இருந்த பாகம் போய்விடும். கட்டுப்பாட்டு மென்பொருளும் அப்படித்தான்: சர்வீசுக்குப் போகும்போதெல்லாம் புதுப்பிக்கப்படுகிறது, பழையது எங்கும் தழும்பு விடுவதில்லை. அரம் போட்டால் ஞாபகம் வைத்துக்கொள்ளும் இரும்பு இதில் மிகக் குறைவு. அதனால் இந்தக் கார்களை வாங்கும் சேகரிப்பாளர்கள் இப்போதே கழற்றிய மின்கலத்தைத் தூக்கி எறியாமல் எண் ஒட்டிப் பெட்டியில் வைப்பதா, ஒவ்வொரு சர்வீஸ் ரசீதையும் கோப்பில் சேர்ப்பதா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ரசீதைச் சேர்ப்பது சுலபம். வயதான லித்தியம் மின்கலத்தை வீட்டில் வைத்திருக்கக் காப்பீட்டுக் கம்பெனி சம்மதிக்க வேண்டும்.